தூங்கும் பச்சைக்குழந்தையின் மூச்சும் முனகலும்

பிரசவம் முடிந்து தாய்வீட்டுக்கு வந்த முதல் சில இரவுகளில் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இருக்காது. குழந்தை அழுவது மட்டும் காரணமில்லை. அழாமல் தூங்கும்போதும் அது சும்மா இருப்பதில்லை. முனகுகிறது, முக்குகிறது, மூக்கில் கர்கர் என்கிறது. திடீரென்று ஏழெட்டு முறை வேகமாக மூச்சு வாங்கிவிட்டு, மூச்சே இல்லாததுபோல அடங்கிவிடுகிறது. தாய் பதறி எழுந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறாள். ஆஸ்பத்திரி வார்டில் மின்விசிறிச் சத்தத்திலும் ஆள் நடமாட்டத்திலும் காதில் விழாத ஒலிகள், கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள கிராமத்து வீடுகளின் இரவு அமைதியில் பெரிதாகக் கேட்கின்றன.

விடிந்ததும் தீர்ப்பு வந்துவிடும். "கொழந்தைக்குச் சளி கட்டிக்கிச்சு. கர்ரு கர்ருன்னு இழுக்குது பாரு. மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெ உடு" என்பார் ஆயா. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர், அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் கர்கர் என்று கேட்பதெல்லாம் சளி அல்ல. நலமாக இருக்கும் குழந்தைக்கு அந்த இரண்டு சொட்டு எண்ணெயே நோயைக் கொண்டுவரக்கூடும். குழந்தையின் மூச்சைப் பொறுத்தவரை காது சொல்வதைவிடக் கண் சொல்வதை நம்புங்கள். சட்டையைத் தூக்கிவிட்டு நெஞ்சையும் வயிற்றையும் ஒரு முழு நிமிடம் பார்த்தால், பாதி ராத்திரியில் எழும் பயங்களில் பெரும்பாலானவற்றுக்கு அங்கேயே விடை கிடைக்கும்.

ஒலி எங்கிருந்து வருகிறது

பிறந்த குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். அதனால்தான் மார்பில் வாய் பதித்துப் பால் குடித்துக்கொண்டே மூச்சும் விட முடிகிறது. அந்த மூக்குத் துவாரமோ மிகக் குறுகலானது. உள்ளே காய்ந்த ஒரு துணுக்கு, பால் கக்கியபோது மேலேறிய ஒரு துளி, இயல்பாகச் சுரக்கும் கொஞ்சம் சளி, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும், ஒவ்வொரு மூச்சும் ஒலி எழுப்பும். பெரியவர்கள் மூக்கைச் சிந்துவோம், தொண்டையைக் கனைத்துக்கொள்வோம். குழந்தைக்கு இரண்டுமே வராது. தொண்டையில் தங்கிய எச்சிலும் பாலும் அங்கேயே கொழகொழவென்று ஒலித்துக்கொண்டிருக்கும். தும்மல்தான் அது மூக்கைச் சுத்தம் செய்துகொள்ளும் வழி. நாளைக்குப் பலமுறை தும்மினாலும் ஜலதோஷம் என்று நினைக்க வேண்டியதில்லை. விக்கலும் அப்படித்தான். பால் குடித்த பின் வரும், தானாகப் போகும். அதற்குத் தண்ணீரோ தேனோ கொடுக்கக் கூடாது.

முதுகில் கை வைத்தால் கர்கர் என்று கைக்கே தெரிகிறதே, அது நெஞ்சுச் சளிதானே என்று பலர் கேட்பார்கள். குழந்தையின் நெஞ்சுச்சுவர் மெல்லியது. மூக்கிலும் தொண்டையிலும் எழும் அதிர்வு அப்படியே நெஞ்சுக்கு இறங்கி முதுகில் வைத்த கைக்குத் தெரியும். அந்த அதிர்வை மட்டும் வைத்து நுரையீரலில் சளி என்று சொல்ல முடியாது. சந்தேகமாக இருந்தால் பால் கொடுத்துப் பாருங்கள். மூக்கு உண்மையிலேயே அடைத்திருந்தால் இரண்டு வாய் உறிஞ்சுவதற்குள் மார்பை விட்டுவிட்டு மூச்சுக்குத் தவிக்கும், அழும், மறுபடி பிடிக்கும், மறுபடி விடும். நிம்மதியாகப் பால் குடித்து முடிக்கும் குழந்தைக்குத் தேவையான அளவு மூக்கு திறந்துதான் இருக்கிறது. கர்கர் சத்தம் இருந்தாலும் ஒன்றும் செய்ய வேண்டாம்.

பால் குடிக்கத் தடையாக இருந்தால் மட்டும், மருந்துக்கடையில் குழந்தைகளுக்கென்று கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பால் கொடுக்கலாம். பெரியவர்கள் மூக்கடைப்புக்குப் போட்டுக்கொள்ளும் சொட்டு மருந்து வீட்டில் இருந்தால் அதை எடுத்து விட்டுவிடாதீர்கள். அதிலுள்ள மருந்து பச்சைக்குழந்தையின் இதயத்துடிப்பையும் மூச்சையும் பாதிக்கும்.

இன்னொரு ஒலி உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் கீச்சென்றோ கரகரவென்றோ கேட்கும். பிறந்து சில நாட்களிலோ வாரங்களிலோ தொடங்கும். மல்லாக்கப் படுத்தால், அழுதால், பால் குடித்தால் கூடும். குரல்வளைக்கு மேலுள்ள குருத்தெலும்பு இன்னும் இறுகாமல், காற்றில் ஆடும் ஈரத்துணிபோல உள்ளே இழுபடுவதுதான் பெரும்பாலும் காரணம். நன்றாகப் பால் குடித்து எடையும் ஏறும் குழந்தைகளுக்கு ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். இருந்தாலும் இந்த ஒலி கேட்டால் ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். காட்டப் போகிற நேரத்தில் குழந்தை சமர்த்தாகத் தூங்கும், ஒலியே வராது. அதனால் சத்தம் வரும்போதே செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். முகம், கழுத்து, நெஞ்சு, வயிறு எல்லாம் தெரியட்டும்.

முனகலும் முக்கலும்

பச்சைக்குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, மூளை விழிப்பாக இருக்கும் தூக்கம். இமைக்குள் கண் உருளும், உதடு சப்புக்கொட்டும், சிரிக்கும், கை தூக்கிப் போடும், முனகும், சில சமயம் ஒரு சின்ன அழுகைகூட வரும். கனவில் சாமி பூ காட்டுகிறது, நரி விரட்டுகிறது என்று நம் வீடுகளில் சொல்வது இந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான். இப்போது மூச்சும் ஒழுங்கில்லாமல் இருக்கும். முதல் முனகலுக்கே குழந்தையைத் தூக்கிவிட்டால், தானாகத் தொடர்ந்திருக்கக்கூடிய தூக்கத்தை நாமே கலைத்துவிடுகிறோம். கண் திறந்து பசிக்கு வாய் தேடுகிறதா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு எடுக்கலாம்.

விடியற்காலையில் முகம் சிவக்க முக்குவது தனி ரகம். மலம் கழிக்க வயிற்றை அழுத்தும் அதே நேரத்தில் ஆசனவாயைத் தளர்த்தவும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய அதற்கு இன்னும் பழகவில்லை. பத்து நிமிடம் முக்கிவிட்டு இளகலாகப் போனால் அது மலச்சிக்கல் அல்ல. வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைப்பதோ சோப்புத் துண்டு வைப்பதோ வேண்டாம். அதனால் புண் ஆகும். அது தானாகக் கற்றுக்கொள்வதும் தள்ளிப்போகும்.

இவற்றிலிருந்து வேறுபட்ட ஒரு முனகலைத்தான் கட்டாயம் அடையாளம் காணவேண்டும். ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும், விடாமல், "ம்ம்... ம்ம்..." என்று வரும் முனகல் அது. நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிப்போகாமல் இருக்க, குரல்வளையைப் பாதி மூடிக் காற்றை உள்ளே பிடித்துவைக்கக் குழந்தை படும் பாடுதான் அந்த ஒலி. தூக்க முனகல் வரும், போகும். இது நிற்காது. இது கேட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

மூச்சு நின்றதுபோல் தோன்றும்போது

மூச்சை நடத்தும் மூளைப்பகுதி பிறந்த குழந்தைக்கு இன்னும் முதிரவில்லை. அதனால் வேகவேகமாகச் சில மூச்சு, பிறகு 5 முதல் 10 விநாடி வரை ஓர் இடைவெளி, பிறகு மறுபடி மூச்சு என்று தூக்கத்தில் நடக்கும். நிறம் மாறாமல், உடல் துவளாமல், தானாக மூச்சு திரும்பினால் அது இயல்புதான். மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்து, ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் மறையும். இருட்டில் 10 விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். ஆகவே நினைவிலிருந்து சொல்லாதீர்கள். செல்போன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள்.

20 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றாலும், அதைவிடக் குறைவாகவே நின்று குழந்தை நீலம் பாரித்தாலும், வெளிறினாலும், துவண்டாலும் அது ஆபத்து. உள்ளங்காலைச் சுண்டுங்கள், முதுகைத் தேய்த்துவிடுங்கள். குலுக்கக் கூடாது. இன்னொருவர் அதே நேரத்தில் 108க்குப் போன் செய்யட்டும். மூச்சு திரும்பிவிட்டாலும் அன்றிரவே மருத்துவர் பார்க்க வேண்டும். 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்த குழந்தைக்கும் இந்த விஷயத்தில் நாம் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

நிறம் பார்க்க ஒரு முக்கியக் குறிப்பு. பல வீடுகளில் இரவில் நீலம் அல்லது சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரியும். அந்த வெளிச்சத்தில் எந்தக் குழந்தையின் நிறத்தையும் சொல்ல முடியாது. வெள்ளை விளக்கைப் போடுங்கள். மாநிறக் குழந்தைக்குத் தோலைப் பார்த்துப் பயனில்லை. உதட்டின் உட்புறம், ஈறு, நாக்கு ஆகியவற்றைப் பாருங்கள். அவை இளஞ்சிவப்பாக இருந்தால், முதல் சில நாட்களில் கை கால் கொஞ்சம் நீலமாகத் தெரிவதற்குப் பயப்பட வேண்டாம். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரைக் குழந்தையின் விரலில் மாட்டிப் பார்க்காதீர்கள். அது பெரியவர்களுக்கானது. பச்சைக்குழந்தைக்குத் தவறான எண்ணைக் காட்டும்.

ஒரு நிமிடம், ஆறு விரல்

மூச்சை எண்ணுவது டாக்டர் வேலை என்ற எண்ணத்தை உடைத்தவர்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்துக் கிராமப் பெண்கள். டாக்டர் அபய் பாங், டாக்டர் ராணி பாங் தம்பதியரின் 'சர்ச்' அமைப்பு அங்கே பழங்குடியினர் நிறைந்த பகுதியில் வேலை செய்தது. பெரிய எண்கள் எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளும் பயன்படுத்தும்படி மணிகள் கோத்த ஒரு கருவியை உருவாக்கினார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். ஒரு நிமிடம் முடிவதற்குள் சிவப்பு மணி வந்துவிட்டால் ஆபத்து. பின்னர் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் பச்சைக்குழந்தைகளைப் பார்க்க வைத்தார்கள். மூச்சை எண்ணுவது, வெப்பநிலை பார்ப்பது, கிருமித்தொற்றைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பது ஆகியவை அந்தப் பயிற்சியில் இருந்தன. 39 கிராமங்களில் நடந்த அந்த முயற்சியில், பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் மூன்றாம் ஆண்டில் ஏறக்குறைய 62 சதவீதம் குறைந்தது. 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. 2011இல் இந்திய அரசு வீட்டுவழிப் பச்சிளங்குழந்தை பராமரிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்ததற்குப் பின்னால் இந்தப் பெண்களின் உழைப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்கவேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் ஏற்பாடு. உங்கள் ஊர் நர்சம்மா வரும்போது எடை மட்டும் கேட்டுவிட்டு அனுப்பிவிடாதீர்கள். மூச்சை எண்ணுவது எப்படி என்று அவரிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

மணிக்கருவி நமக்குத் தேவையில்லை, விரல்கள் இருக்கின்றன. குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். இந்த வயதில் நெஞ்சைவிட வயிறுதான் அதிகம் ஏறி இறங்கும், அது இயல்பு. ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. பத்து மூச்சுக்கு ஒரு விரலை மடக்குங்கள். ஒருவர் கடிகாரம் பார்க்க, ஒருவர் எண்ணினால் நல்லது. முழு 60 விநாடி எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால், வேகமான மூச்சும் இடைவெளியும் மாறிமாறி வருவதால் கணக்கு தப்பிவிடும். 30 முதல் 60க்குள் இருந்தால் நலம். நிமிடம் முடிவதற்குள் ஆறாவது விரலும் மடங்கிவிட்டால், அதாவது 60ஐத் தொட்டுவிட்டால், கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு முறை எண்ணுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் எல்லை இது. குழந்தை நலமாக இருக்கும் ஒரு நாளிலேயே எண்ணிப் பழகிவிட்டால் பயந்த இரவில் கை தடுமாறாது.

எண்ணும்போதே மற்றதும் கண்ணில் படும். விலா எலும்புக் கூட்டுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் ஆழமாகக் குழி விழுகிறதா? லேசான குழி பச்சைக்குழந்தைக்கு இயல்பு. வாசற்படியில் நின்று பார்த்தாலும் தெரியும் அளவுக்கு விழுந்தால் இயல்பல்ல. மூக்கு விடைக்கிறதா? மூச்சோடு தலை ஆடுகிறதா?

நான் மிகவும் அஞ்சுவது சத்தம் போடும் குழந்தையைப் பார்த்து அல்ல. நேற்றுவரை நன்றாகப் பால் குடித்த குழந்தை இன்று மார்பைத் தேடவில்லை, எழுப்பினாலும் உறிஞ்சவில்லை, தொட்டால் மட்டும் கை கால் அசைக்கிறது, உடல் சுடுகிறது அல்லது சில்லிட்டிருக்கிறது என்றால், மூச்சில் ஒரு ஒலியும் இல்லாவிட்டாலும் அது நோய்ப்பட்ட குழந்தை. "பாவம், இன்னைக்குத் தொந்தரவு பண்ணாம தூங்குது" என்று வீடு நிம்மதி அடையும் அந்த அமைதியில்தான் கிருமித்தொற்று வளரும். பிறந்து இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் 37.5 டிகிரி செல்சியஸை எட்டினாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் காய்ச்சல் மருந்து கொடுத்துப் பார்க்கும் வயது இதுவல்ல.

எண்ணெய், புகை, ஏணை

மூக்கில் விடும் எண்ணெய்க்கு வருவோம். தண்ணீரோ பாலோ தவறி மூச்சுக்குழலில் போனால் குழந்தை இருமித் தள்ளப் பார்க்கும். எண்ணெய்க்கு அந்த இருமல் சரியாக எழாது. சத்தமில்லாமல் நுரையீரலுக்கு இறங்கித் தங்கி, அங்கே வீக்கத்தை உண்டாக்கும். கிருமி இல்லாமலே வரும் இந்த நிமோனியாவைத் தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் வாய் வைத்து ஊதுவதும், தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பதும் கிருமியை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். அழும் குழந்தையின் வாயில் சங்கு வைத்து உரை மருந்தைப் புகட்டும்போது அது மூச்சுக்குழலுக்குள் போகலாம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் ஆயாவின் கைப்பக்குவம் அப்படியே இருக்கட்டும். உடம்பில் தேய்க்கும் எண்ணெய் உடம்போடு நிற்கட்டும். "வேணாம்" என்று மறுத்துச் சண்டை வளர்ப்பதைவிட, "ஆயா, நீயே வவுத்தைப் பாத்துக்கினு பத்து பத்தா எண்ணு, நான் கடியாரம் பாக்குறேன்" என்று கூட உட்காரவைத்துப் பாருங்கள். நான் சொல்வதைவிட அந்த ஒரு நிமிடம் அவருக்குத் தைரியம் தரும்.

குளித்த தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது நம் பக்கத்தில் வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரத்தோடு பிறந்த குழந்தை என்றால் புகை இன்னும் தூக்கலாகவே இருக்கும். மார்கழிக் குளிரில் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு கொசுவர்த்தி ஏற்றுவார்கள். வெளியே போகிப் புகை, உள்ளே விறகடுப்பு, திண்ணையில் பீடி. விரற்கடை நீளமுள்ள மூக்கு இத்தனையையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. தலையை மெல்லிய துணியால் துவட்டினாலே ஈரம் போய்விடும். கொசுவுக்குக் குடைவலை போதும். மல்லாட்டை உரிப்பது, நெல் தூற்றுவது நடக்கும் நாளில் குழந்தையை மறுபக்க அறைக்கு மாற்றுங்கள். முகத்துக்கு அருகே பவுடர் தட்ட வேண்டாம்.

படுக்கை விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். பகலானாலும் இரவானாலும், ஒவ்வொரு முறையும். பால் கக்கினால் புரைக்கேறிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலேறித்தான் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடும். 1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி இயக்கம் நடத்தினார்கள். தொட்டிலில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அதன்பின் பாதிக்கும் கீழே இறங்கியது. பால் கொடுத்ததும் கால் மணி நேரம் தோளில் நிமிர்த்திப் போட்டிருந்துவிட்டுப் படுக்க வைத்தால் கக்கலும் கொழகொழ ஒலியும் குறையும்.

தலை உருண்டையாக வரவேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, கேழ்வரகுத் தலையணை எதுவும் வேண்டாம். அது கழுத்தை முன்னே மடித்து மூச்சுவழியைக் குறுக்கும். ஏணையிலும் அதே சிக்கல். துணி உடலைச் சுருட்டித் தாடையை நெஞ்சில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, பக்கத்துத் துணி மூக்கை மூடலாம், வெளியிலிருந்து நெஞ்சசைவும் தெரியாது. பகலில் பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் ஆட்டலாம். குறைமாதக் குழந்தைக்கு அதுவும் வேண்டாம். இரவு முழுக்க ஏணையில் விடுவது யாருக்கும் கூடாது. சமமான, கெட்டியான படுக்கையில், தாய்க்குக் கை எட்டும் தூரத்தில், முகத்தருகே துணி எதுவும் இல்லாமல் குழந்தை தூங்கட்டும். குளிருக்கு எத்தனை துணி என்று குழம்பினால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் இளஞ்சூடாக இருந்தால் போதும். பாதம் மட்டும் சில்லென்றால் தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்துக்கொள்ளுங்கள். கழுத்து வியர்த்தால் ஒரு துணியைக் குறையுங்கள்.

ராத்திரியில் கிளம்ப வேண்டி வந்தால்

மேலே சொன்ன ஆபத்துக் குறிகளில் ஒன்று தெரிந்தாலே 108ஐ அழையுங்கள். ஊர்ப் பெயரோடு தெரு முனையிலுள்ள கோயிலோ பள்ளிக்கூடமோ அடையாளம் சொல்லி, குழந்தைக்கு எத்தனை நாள், எத்தனை மூச்சு என்று சொல்லுங்கள். ஆபத்துக் குறி இல்லை, மனதுக்கு மட்டும் சந்தேகம் என்றால் 104இல் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை செஞ்சி சாலையில் மேற்கே போனால் வந்துவிடும் தூரம்தான். பச்சைக்குழந்தைக்கான தனிப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே நேரே போவது நல்லது. பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் வரும் நாட்களில் கிரிவலக் கூட்டத்தால் நகருக்குள் வண்டி நுழைவது கடினமாகிவிடும். அந்த நாட்களில் சொந்த வண்டியை நம்பாமல் ஆம்புலன்ஸிலேயே போங்கள்.

வழியில் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி நிமிர்த்தி வைத்து, மேலே போர்த்துங்கள். முகம் ஒருபுறம் திரும்பி, தாடை சற்று உயர்ந்து, மூக்கு தெரிய இருக்க வேண்டும். மூச்சுக்குத் திணறும் குழந்தைக்கு வழியில் பால் புகட்டாதீர்கள். எடுத்த வீடியோவோடு, கடைசியாகப் பால் குடித்த நேரம், சிறுநீர் கழித்த நேரம், இரண்டு முறை எண்ணிய மூச்சுக் கணக்கு எல்லாவற்றையும் தாய்சேய் நல அட்டையின் ஓரத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவசரப் பிரிவில் டாக்டர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.